கனியைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மிகாமல்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். இது ஓர் ஆர்டர். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, வாடகை ஒப்பந்தம் மாதிரி, கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போன ஆர்டர். சொன்னவர் பாலாறு பாய்ஸ் கால்பந்துக் கழகத்தின் தலைவர் கலியாணசுந்தரம். எடுத்துக்கொண்டவன் பிள்ளையார்பாளையத்தில் ஜெராக்ஸ், டிடிபி, ஃப்ளெக்ஸ் டிசைன் கடை நடத்தும் கிறிஸ்டோபர்.

"ஞாயித்துக்கெழம தென்னேரியில கனி நினைவா ஒரு மேட்ச் வெச்சிருக்கோம்பா. ஆரம்பிக்கிறதுக்கு முன்னால நீ மைக்ல படிக்கணும். ஒரு பக்கத்துக்கு மேல போவாத. வெயில்ல நிக்க மாட்டானுங்க."

"சரி தலைவரே."

"அழுவுற மாதிரி எழுது. ஆனா புரியுற மாதிரி எழுது."

இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு வரலாறு உண்டு. கிறிஸ்டோபர் கதை எழுதுபவன். ஒரு தொகுப்பு வந்திருக்கிறது. மிச்சமிருக்கும் பிரதிகள் இப்போது கடையில் யுபிஎஸ் பாட்டரி தரையில் படாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. தமிழ் இலக்கியத்துக்கு அவனுடைய நிரந்தரப் பங்களிப்பு அதுதான்.

இறந்துபோன கனி, பாலாறு பாய்ஸின் முன்னாள் பேக். (தடுப்பாட்டக்காரர் என்று ஃப்ளெக்ஸில் போட்டிருக்கிறது. உயிரோடு இருந்தவரை யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.) நாற்பத்தைந்து வயது. ஒரு வியாழக்கிழமை மதியம், கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, துணி கட்டிய மரச்சட்டத்தின் மேலேயே சாய்ந்துவிட்டான்.

அன்று மாலையே கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸை வடிவமைத்தவன் கிறிஸ்டோபர்தான். 'விசுவாசத்தின் மறுபெயர்' என்று ஒரு வரி போடச் சொன்னார்கள். போட்டான். அந்தச் சொல்லை அடிக்கும்போது இரண்டு முறை எழுத்துப் பிழை வந்தது. ஏன் என்று அவனுக்குத் தெரியும். உங்களுக்கு மூன்றாம் பகுதியில் தெரியும். அதற்குள் சொல்லிவிட்டால் நீங்கள் படிப்பதை நிறுத்திவிடலாம்.

* ஓர் ஒழுங்குப் பிரச்சினை. இதை எழுதிக்கொண்டிருப்பவனும் கிறிஸ்டோபரும் ஒரே ஆள்தான். பிறகு ஏன் 'அவன்' என்றால், கழகத்தின் முதல் ரசிகையும் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவளுமான வடிவு போட்ட தடை அது. "நீ நான் நான்னு எழுதின, கனியப் பத்தி ஒரு வரி இருக்காது. ஃபுல்லா நீதான் இருப்ப." இதுவரை எழுதியதை எண்ணிப் பார்த்தால், 'அவன்' போட்டும் அதே கதிதான்.

2

தொடக்கம் ஒன்று: காஞ்சியின் கோபுரங்கள் மாலை வெயிலில் தகதகத்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாவீரன்—

(நிறுத்து. கனியின் கடையிலிருந்து எந்தக் கோபுரமும் தெரியாது. எதிரில் தெரிவது பல் டாக்டரின் போர்டு.)

தொடக்கம் இரண்டு: மரணம் ஒரு நடுவர். அவர் விசில் ஊதிவிட்டால்—

(இதை எழுதியதும் கிறிஸ்டோபர் எழுந்து நின்று, தானே தன் தோளைத் தட்டிக்கொண்டான். மறுநாள் காலையில் படித்தபோது கடையில் வேறு யாரும் இல்லை என்பதை நல்லவேளையாக உணர்ந்தான்.)

தொடக்கம் மூன்று: கனிக்கு இடது காலால் பந்தை உதைக்கத் தெரியாது.

(இது உண்மை. இங்கிருந்து போகலாம்.)

கனிக்கு இடது காலால் பந்தை உதைக்கத் தெரியாது. வேகமும் கிடையாது. ஆனால் பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்கூட்டியே போய், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல நின்றுகொண்டிருப்பான். எதிரணி ஃபார்வர்டு பந்தோடு வந்தால், "வாணாம்பா, அந்தப் பக்கம் போ," என்று மெல்லிய குரலில் சொல்லுவான். மிரட்டல் இல்லை, நிஜமான ஆலோசனை. கேட்காதவர்கள் பிறகு தரையில் உட்கார்ந்து யோசிப்பார்கள். அவர்களை எழுப்பி நிற்கவைத்து, புல்லைத் தட்டிவிடுபவனும் கனிதான்.

பத்தொன்பது வயதில் பாலாறு பாய்ஸின் ஐந்தாம் எண் சட்டையைப் போட்டான். நாற்பதில் கழற்றினான். இடையில் வேறு எந்தச் சட்டையும் போடவில்லை. கோல் என்று அவன் அடித்தது ஒன்றே ஒன்று. அதுவும் நம் வலையில்.

அவன் அடக்கம் முடிந்த மறுநாள் காலை, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் டீக்கடையில் ரசிகர்கள் கூடினார்கள். பத்துப் பதினைந்து பேர் இருக்கும். முசரவாக்கம் மேட்ச் பற்றிப் பேச்சு வந்தது. கோல் கோட்டில் நின்று தலையால் தடுத்தபோது கம்பத்தில் மோதி, கனியின் நெற்றி பிளந்தது. ஐந்து தையல்.

"வலது பக்கம்," என்றார் கலியாணசுந்தரம்.

"எடது பக்கம் தலைவரே. கட்டு போட்டுக்கினு கடையில ஒக்காந்திருந்தானே, நான் பாத்தனே," என்றாள் வடிவு.

"நான்தாம்மா ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போனேன்!"

"நீங்க போனது அவன் கை ஒடிஞ்சப்போ!"

ஃப்ளெக்ஸில் பார்க்கலாம் என்று போனார்கள். அங்கே கனியின் நெற்றியில் தழும்பே இல்லை. படத்தைப் பளபளப்பாக்குகிறேன் என்று கிறிஸ்டோபர் ஃபோட்டோஷாப்பில் அதை அழித்துவிட்டிருந்தான். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையை விவரிக்க இங்கே இடமில்லை.

எந்தப் பக்கம் என்பதில் சண்டை போட்டவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே குரலில் பேசினார்கள். இரண்டாயிரத்து நான்கில், சென்னையில் முதல் டிவிஷன் ஆடும் ஓர் அணியின் ஆள் இங்கே வந்து கனியின் ஆட்டத்தைப் பார்த்தார். "லெட்டர் போடறோம், வா," என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். கனி போகவில்லை.

"மெட்ராஸே கூப்ட்டுது. நம்மள வுட்டுட்டுப் போவலையே அவன்," என்றார் கலியாணசுந்தரம். கண் துடைத்துக்கொண்டார். மற்றவர்களும் துடைத்துக்கொண்டார்கள்.

கிறிஸ்டோபர் டீ கிளாஸைக் கழுவப் போனான். அது அவன் கிளாஸ்கூட இல்லை.

3

இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதியாகிவிட்டது. ஒரு வடிவத்தில் கிறிஸ்டோபர் நல்லவன். ஒன்றில் பரிதாபத்துக்குரியவன். ஒன்றில் கிறிஸ்டோபரே இல்லை, தபால்காரர்மேல் பழி. அவர் ஓய்வு பெற்று, மகளோடு வேலூரில் இருக்கிறார். பாவம், அவரை விட்டுவிடுவோம்.

கிறிஸ்டோபரின் கடை அப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். அவன் கழகத்தின் இணைச் செயலாளராகவும் இருந்ததால், கழகத்தின் தபாலெல்லாம் அங்கேதான் வரும். ஜூன் பதினோராம் தேதி இரண்டு உறைகள் வந்தன. ஒன்று, கழகத்தின் முகவரிக்கு, கனியின் பெயரில். பத்தொன்பது, இருபது தேதிகளில் சென்னைக்கு வந்து தேர்வு ஆட்டத்தில் கலந்துகொள்ளச் சொல்லி. கிறிஸ்டோபர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு—

கிறிஸ்டோபர் கடிதத்தை மடித்து—

நான் அதை மறைத்துவிட்டேன்.

(வடிவு மன்னிக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்துக்கு 'அவன்' பொருந்தவில்லை. எத்தனை முறை போட்டாலும் வேறு யாரோ செய்ததுபோலவே இருக்கிறது.)

இருபத்தேழாம் தேதி வாலாஜாபாத்தில் அரையிறுதி. கனியைச் சென்னையிலேயே எடுத்துக்கொண்டால் அவன் இல்லாமல் ஜெயிக்க முடியாது, கழகத்தின் நன்மைக்காகத்தான் செய்தேன் என்று பல வருடங்களாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான் கிறிஸ்டோபர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தபாலில் வந்த இரண்டாவது உறை என்னவென்று அவன் சொல்லிக்கொள்வதில்லை. சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு அவன் அனுப்பியிருந்த சிறுகதை, பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்ற சீட்டோடு திரும்பி வந்திருந்தது. அவனுக்கு அது பதினோராவது சீட்டு. ஒரே ஊரிலிருந்து, ஒரே நாளில், ஒருவனை வா என்றும் ஒருவனை வேண்டாம் என்றும் இரண்டு உறைகள். வேண்டாம் என்று சொல்லப்பட்டவன் கையில் இரண்டும் இருந்தன.

தேதி கடந்தது. அரையிறுதியில் தோற்றோம். கடைசி நிமிடங்களில் ஒரு தடியன் கனியின் வலது முழங்காலின் மேல் விழுந்தான். தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். சென்னைக்கு ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால் கனி சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு ஊர் விசுவாசம் என்று பெயர் வைத்தது. தன்னை யாரும் கூப்பிடவேயில்லை என்று நினைத்துக்கொண்டு, கூப்பிட்டும் போகாதவன் என்ற புகழை மறுக்கவும் முடியாமல் சிரிக்கிறான் என்று கிறிஸ்டோபர் நினைத்தான். இருபத்தோரு வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தான்.

4

சனிக்கிழமை காலை கடிதத்தை எடுத்துக்கொண்டு கனியின் வீட்டுக்குப் போனான். ஒரு நல்ல போட்டோ வேண்டும் என்பது சாக்கு.

கனியின் மனைவி ஷமீம் பானு இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள், வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார். முன் அறையில் ஒரு நாற்காலி, உள் அறை வாசலில் பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் கல்லூரியில் படிக்கும் மகள் ருக்ஸானா. கதை எழுதுபவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. இந்த ஊரின் மிக முக்கியமான உரையாடல் நடக்கப்போகிறது, கேட்பவரின் முகம் தெரியாது. 'அவர் கண்களில் ஒரு மின்னல் தோன்றி மறைந்தது' என்றெல்லாம் எழுத முடியாது. திரை பச்சை. அவ்வளவுதான்.

கிறிஸ்டோபர் சொன்னான். எழுதுவதைவிடச் சொல்வது சுலபமாக இருந்தது, மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. ருக்ஸானா கடிதத்தை வாங்கித் திரைக்குள் நீட்டினாள்.

உள்ளே காகிதம் பிரியும் ஓசை. பிறகு ஷமீம் பானுவின் குரல்.

"இது வந்துச்சுன்னு அவருக்குத் தெரியும்ணே."

"எப்படிம்மா?"

"ஆகஸ்ட்டுல ஆரி வேலைக்கி மணி வாங்க மெட்ராஸ் போனாரு. அப்டியே அந்த டீம் கிரவுண்டுக்குப் போயி, ஏன் லெட்டர் போடலன்னு கேட்டிருக்காரு. போட்டமே, நீதான் வரலன்னு சொல்லி, காப்பிய எடுத்துக் காட்டிருக்காங்க. சரி, வந்தது வந்துட்ட, ஆடுன்னு ரெண்டு நாள் ஆட வுட்டாங்க. மூணாவது நாள் வாணாம்னுட்டாங்க. காலு மெதுவா இருக்குதாம்."

கிறிஸ்டோபருக்குள் ஏதோ ஒன்று இறங்கியது. வெட்கத்தைவிட்டுச் சொல்வதானால், அது நிம்மதி. கனி போயிருக்கிறான், ஆடியிருக்கிறான், தேறவில்லை. அப்படியானால் இந்த இருபத்தோரு வருடக் குற்ற உணர்ச்சி வெறும்—

"எந்தக் காலுன்னு கேக்க மாட்டீங்களா?" என்றது திரை.

அவன் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

"வாலாஜாபாத்துல அடிபட்ட காலுண்ணே. ஜூன்ல போயிருந்தா அந்தக் காலு நல்லா இருந்துது." காகிதத்தை மடிக்கும் ஓசை. "எடுத்திருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அதான் அவருக்குக் கஷ்டம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியேம்மா."

"நானும் சொன்னேன், தபாலு அவருகிட்டதான வரும், போயி கேளுங்கன்னு. 'கேட்டா கதையாச் சொல்லுவான், அர நாளு போயிடும்'ன்னாரு."

ருக்ஸானா சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மன்னிச்சுட்டார்னு எழுதிடாதீங்க," என்றார் ஷமீம் பானு. "கொஞ்ச வருஷம் நீங்க கடைக்கி வந்துட்டுப் போனா, அன்னிக்கிப் போட்ட தையலப் பூரா பிரிப்பாரு. கோணலா வந்துடுச்சும்பாரு. கோணலே இருக்காது."

கிறிஸ்டோபர் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நாளைக்கி நான் என்னம்மா படிக்கட்டும்?" என்று கேட்டான். நாற்பத்தாறு வயது எழுத்தாளன், எதை எழுதுவதென்று ஒரு திரையிடம் கேட்கிறான்.

"மெட்ராஸுலேர்ந்து திரும்பி வந்த மறுநாளு, விடிஞ்சதும் பூட்ஸ எடுத்துக்கினு கிரவுண்டுக்குப் போனாரு. நான் ஏங்க, இன்னுமா அந்த டீமுன்னு கேட்டேன். ஒண்ணும் பேசல. போனாரு. அத வேணா எழுதுங்க. மத்தது உங்க இஷ்டம். ருக்ஸானா போன்ல புடிச்சிக்கினு வருவா. நான் கேப்பேன்."

கடிதம் திரைக்கு வெளியே வந்தது.

5

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு முடிவுகள் தயாராயின.

முடிவு அ: கிறிஸ்டோபர் ஒரு பக்கத்தில் பழைய கதையைப் படிக்கிறான். கனி சென்னையை மறுத்தான், விசுவாசத்தின் மறுபெயர். எல்லோரும் அழுகிறார்கள். ருக்ஸானாவின் போன் எல்லாவற்றையும் பதிவு செய்கிறது.

முடிவு ஆ: உண்மையைப் படிக்கிறான். கூட்டம் ஒரு நொடி திகைக்கிறது. பிறகு அவனை அடிக்கிறது. அடி வாங்கியபின் அவன் மனம் லேசாகி, சிறந்த எழுத்தாளனாகிறான்.

(இரண்டிலும் அவன்தான் நடுவில் நிற்கிறான் என்பதைக் கவனித்தீர்களா? வடிவு கவனித்திருப்பாள்.)

முடிவு இ: மழை.

ஜூன் மாதத் தென்னேரியில் மழையை நம்பிக் கதை எழுதுவதற்கில்லை. ஏரிக்கரையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

6

வடிவின் வேனில்தான் எல்லோரும் போனார்கள். ஆட்டக்காரர்கள் ஐந்தாம் எண்ணை யாருக்கும் கொடுக்காமல், அந்தச் சட்டையைக் கோல் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். காற்றில் அது உப்பியது. பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் கோல்கீப்பருக்குப் பந்து தெரியவில்லை என்று கழற்றிவிட்டார்கள்.

கிறிஸ்டோபர் மைக்கைப் பிடித்தான். ருக்ஸானா முன்வரிசையில் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். அவன் உண்மையைப் படித்தான். கடிதம், இரண்டு உறைகள், முழங்கால், ஆகஸ்ட் மாதம், மூன்றாம் நாள் சொல்லப்பட்ட வேண்டாம், நான்காம் நாள் விடியலில் எடுத்துக்கொண்டு போன பூட்ஸ். ஒரு பக்கத்துக்கு மிகவில்லை. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. இந்த முறை அதைத் திட்டமிட்டிருக்கவில்லை.

முடித்துத் தாளை மடித்தான். பிறகு பின்வரிசையிலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள்.

"இன்னாபா, சாவு ஊட்லகூட கத வுடற!"

கூட்டம் சிரித்தது. கிறிஸ்டோபர் கடிதத்தை உயர்த்திக் காட்டினான். கலியாணசுந்தரம் அதை வாங்கி, தூரமாகவும் கிட்டவும் வைத்துப் பார்த்துவிட்டு, மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நம்ம கிறிஸ்டோபர் டிடிபி கடக்காரன். இந்த மாதிரி லெட்டர் ஒரு மணி நேரத்துல பத்து அடிப்பான். கதைக்கோசரம் சொல்றான், தப்பா நெனச்சுக்காதீங்க. நம்ம கனி மெட்ராஸுக்குப் போவான்? போயி வாணாம்னு திரும்பி வருவான்? நடக்கிற காரியமாபா?"

கைதட்டல் ஏரி வரை கேட்டிருக்கும். இத்தனை வருடம் கிறிஸ்டோபர் கற்பனையாக எழுதியதை நிஜமென்று நம்ப ஓர் ஆள் கிடைக்கவில்லை. முதல்முறையாக நடந்ததைச் சொன்னான், அத்தனை பேரும் அதைக் கற்பனை என்று நம்பினார்கள். விமர்சனம் என்றால் இதுதான்.

மேட்ச் நடந்தது. மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். மூன்று கோலும் ஐந்தாம் எண் நிற்கவேண்டிய இடத்தின் வழியாகவே போயின.

7

ஆட்டம் முடிந்து எல்லோரும் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. வடிவு இறங்கி வந்து, வேனின் முன்னால் தனியாக நின்றிருந்த கிறிஸ்டோபரிடம் கையை நீட்டினாள். அவன் கடிதத்தைக் கொடுத்தான். அவள் தேதியை மட்டும்தான் பார்த்தாள்.

"வாலாஜாபாத்லேர்ந்து அவன வேன்ல படுக்கவெச்சி இட்டுக்கினு வந்தது நான்தான். முட்டி இம்மாம் பெருசா வீங்கிக்கீது. வழியெல்லாம் வாயத் தொறக்கல." கடிதத்தை மடித்தாள். "நெஜம்தான இது?"

"நெஜம்தான்க்கா."

"ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த ஆளு லெட்டர் போடறேன்னு சொல்லிட்டுப் போனாரு. கனி டெய்லி எதிர்பாத்துக்கினு இருந்திருப்பான். உன்ன வந்து கேக்கவே இல்லியா? லெட்டர் எதுனா வந்துதான்னு?"

மூன்றாம் பகுதியில் நான் மூன்று வரிகளை விட்டுவிட்டேன். எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன், அடித்தேன். திரைக்கு முன்னாலும் சொல்லவில்லை. மைக்கிலும் படிக்கவில்லை. ஷமீம் பானுவிடம்கூட கனி அதைச் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்கு அந்தத் திரைக்கு முன்னால்தான் தெரிந்தது.

ஜூன் பதினாறு. இன்ஸ்டிட்யூட் வாசலில் கனி சைக்கிளை நிறுத்தி, இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டான். "கிறிஸ்டு, எனக்கு எதுனா வந்துதா?"

"இல்லப்பா. வந்தா குடுக்க மாட்டனா?"

"சரிப்பா," என்றான். மிதித்துக்கொண்டு போனான்.

இதை வடிவிடம் சொன்னேன். எதையும் சேர்க்காமல், எதையும் விடாமல். அவள் கடிதத்தை என் சட்டைப்பையில் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். உள்ளே ஆட்டக்காரர்கள் தண்ணீர் பாட்டிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ருக்ஸானா போனைக் காதில் வைத்து அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் கீழே நின்றேன். தென்னேரியிலிருந்து காஞ்சிபுரம் நடந்துபோகிற தூரம் இல்லை. அந்த நேரத்துக்குப் பஸ் உண்டா என்பதும் நிச்சயமில்லை.

நான் வீடு வந்து சேர்ந்துவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும், இல்லாவிட்டால் இதை எழுதியிருக்க முடியாது. எப்படி வந்தேன் என்பதைச் சொல்லமாட்டேன். நான் சொன்னால் எனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவேன், அல்லது பாதகமாகச் சொல்லி அதிலும் பெயர் வாங்கப் பார்ப்பேன். கனியைப் பற்றிய கதையில் அந்த ஒரு முடிவையாவது நான் எடுக்காமல் இருப்பதுதான் சரி.

ஆகவே இப்போது ஓட்டுநர் இருக்கையில் இருப்பது நீங்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. கதவு இன்னும் சாத்தப்படவில்லை.